கல்லைப் படித்த பேராசிரியர் பீர்பல் சாஹ்னி

முன்னுரை

கெங்கவல்லிப் பக்கம் கிணறு வெட்டுவதைப் பார்த்திராதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. மேலே செம்மண் வரும். அதன் கீழே சுக்கான் வரும். அதற்கும் கீழே வெடி வைத்துத்தான் எடுக்க வேண்டிய கரும்பாறை வரும். கிணற்றின் சுவரை எட்டிப் பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்றாக நிறம் மாறி மாறித் தெரியும். நமக்கு அது வெறும் மண்ணும் கல்லும்தான். ஆனால் கற்றறிந்தவர்களுக்கு அது ஒரு புத்தகம். அடியில் இருக்கும் பக்கம் பழையது, மேலே இருக்கும் பக்கம் புதியது. இடையில் புரட்டிப் போடப்படாத வரையில் இந்த வரிசை மாறாது.

அந்தப் புத்தகத்தின் எழுத்துக்கள் யாவை? பாறைக்குள் பதிந்து கிடக்கும் இலை, சிப்பி, மரம் ஆகியவையும், கண்ணுக்கே தெரியாத மகரந்தத் துகள்களுமே அந்த எழுத்துக்கள். அவற்றைப் படித்து, நம் இந்திய நாடு ஒரு காலத்தில் பனி மூடிய தென் துருவத்தின் அருகே இருந்தது என்னும் வியப்பான உண்மைக்குச் சான்று தேடித் தந்தவர்களில் ஒருவர் பேராசிரியர் பீர்பல் சாஹ்னி ஆவார். அவருடைய வெற்றியை மட்டுமல்லாமல், அவர் செய்த ஒரு தவற்றையும் சேர்த்தே இங்கே சொல்ல விரும்புகிறோம்.

பிறப்பும் இளமையும்

பீர்பல் சாஹ்னி 1891ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் பஞ்சாபிலுள்ள பேரா என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று பாகிஸ்தானில் உள்ளது. தந்தை ருச்சி ராம் சாஹ்னி லாகூர் அரசுக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர். விடுமுறை வந்தால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இமயமலைக்குக் கிளம்பிவிடுவார். மலைப் பாதைகளில் நடந்து, செடி கொடிகளையும் கற்களையும் பொறுக்கிச் சேர்க்கும் பழக்கம் பீர்பலுக்குச் சிறு வயதிலேயே வந்துவிட்டது.

பேராவுக்கு அருகில் உப்பு மலைத்தொடர் என்னும் மலைகள் உள்ளன. அங்குள்ள கேவ்ரா உப்புச் சுரங்கம் உலகப் புகழ் பெற்றது. அந்த மலைகளில் பல கோடி ஆண்டுகளின் பாறை அடுக்குகள் மரம் மட்டையின்றி வெட்டவெளியாகத் தெரியும். பின்னாளில் தம் வாழ்வின் மிகப் பெரிய வழக்கை இந்த மலையே எழுப்பப் போகிறது என்று அச்சிறுவர் அப்போது அறிந்திருக்க முடியாது.

லாகூரில் பட்டம் பெற்ற பின் மகன் இந்திய ஆட்சிப் பணியில் சேர வேண்டும் என்று தந்தை விரும்பினார். அந்நாளில் அதைவிடப் பெரிய உத்தியோகம் இல்லை. பீர்பலோ, தந்தை கட்டளையிட்டால் போவதாகவும், தம் விருப்பம் தாவரவியல் ஆராய்ச்சி ஒன்றே என்றும் பணிவுடன் தெரிவித்தார். தந்தையும் பெருந்தன்மையோடு இசைந்தார். 1911ஆம் ஆண்டு அவர் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் இம்மானுவேல் கல்லூரியில் சேர்ந்தார்.

கேம்பிரிட்ஜும் துருவத்திலிருந்து வந்த கற்களும்

கேம்பிரிட்ஜில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஏ. சி. சீவார்டு. புதைபடிவத் தாவரங்களை ஆராய்வதில் அந்நாளில் முன்னணியில் நின்றவர் இவர். சாஹ்னி அங்கே படித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் உலகமே கண்ணீர் வடித்த ஒரு நிகழ்ச்சி நடந்தது. 1912ஆம் ஆண்டு ஜனவரியில் தென் துருவத்தை அடைந்த காப்டன் ஸ்காட்டும் அவர் தோழர் நால்வரும் திரும்பும் வழியில் பசியாலும் குளிராலும் மாண்டனர். நவம்பர் மாதத்தில் தேடிச் சென்றவர்கள் பனியில் புதைந்திருந்த அவர்களுடைய கூடாரத்தைக் கண்டார்கள். அங்கே சுமார் 16 கிலோ எடையுள்ள கற்கள் இருந்தன! நடக்கவே வலுவில்லாத நிலையிலும் அந்தக் கற்களை அவர்கள் எறிந்துவிடவில்லை.

அக்கற்களைச் சோதிக்கும் பொறுப்பு சீவார்டிடம் வந்தது. அவற்றில் குளோசாப்டெரிஸ் என்னும் மரத்தின் இலைகள் பதிந்திருப்பதை அவர் கண்டு 1914ஆம் ஆண்டில் வெளியிட்டார். குளோசாப்டெரிஸ் என்றால் நாக்கு வடிவப் பெரணி என்று பொருள். இலை நாக்கைப் போல் நீண்டிருந்ததால் இந்தப் பெயர். உண்மையில் அது பெரணி அன்று, விதையுள்ள தாவரம் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. இந்த இலை இந்தியாவின் நிலக்கரிப் பாறைகளில் ஏராளமாகக் கிடைப்பது. ஆஸ்திரேலியாவிலும், தென் ஆப்பிரிக்காவிலும், தென் அமெரிக்காவிலும் அதுவே கிடைக்கிறது. இப்போது துருவத்திலும் கிடைத்துவிட்டது! கடல் கடந்து ஐந்து கண்டங்களில் ஒரே மரம் எவ்வாறு வளர்ந்தது? அந்தக் கண்டங்கள் எல்லாம் ஒரு காலத்தில் ஒன்றாகச் சேர்ந்திருந்தன என்பதே விடை. நம் நாட்டுக் கோண்டு மக்கள் வாழும் பகுதியின் பெயரால் அந்தப் பெருங்கண்டம் கோண்ட்வானா என்று அழைக்கப்படுகிறது.

இந்தியக் கோண்ட்வானாத் தாவரங்களைப் பற்றி மறு ஆய்வு செய்ய சீவார்டு தேர்ந்தெடுத்த துணைவர் சாஹ்னியே. இருவரும் சேர்ந்து எழுதிய நூல் 1920ஆம் ஆண்டில் வெளிவந்தது.

முதல் கட்டுரை சொன்ன எச்சரிக்கை

1915ஆம் ஆண்டில் சாஹ்னி ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஜிங்கோ என்ற மரத்தின் சூலுக்குள் வேறு மரங்களின் மகரந்தமும் புகுந்திருப்பதை நுண்பெருக்கியில் கண்டு எழுதியது அது. காற்று எந்தத் தூளையும் எங்கும் கொண்டு சேர்க்கும். ஆகவே ஒரு புதைபடிவ விதைக்குள் மகரந்தம் இருந்தால் அது அதே மரத்தினுடையது என்று அவசரப்பட்டு முடிவு கட்டலாகாது. இதுவே அக்கட்டுரையின் சாரம்.

நம் வீட்டு அனுபவத்தில் இதைச் சொல்லலாம். மாவு மில்லில் நமக்கு முன்னால் ஒருவர் மிளகாய் அரைத்திருந்தால், அடுத்து நாம் அரைத்த மல்லித்தூளிலும் சிறிது காரம் ஏறிவிடும். அந்தக் காரத்தைக் கண்டு மல்லிதான் காரம் என்று யாராவது சொன்னால் அம்மா சிரிப்பார்கள். தோழியரே, இந்தச் சிறு பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

லக்னோவில் ஆசிரியர் பணி

1919ஆம் ஆண்டு லண்டன் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டத்துடன் சாஹ்னி தாய்நாடு திரும்பினார். 1920இல் சாவித்திரி அம்மையாரை மணந்தார். காசியிலும் லாகூரிலும் சிறிது காலம் பணியாற்றிய பின், 1921ஆம் ஆண்டு லக்னோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியரானார். கதர் உடுத்தினார். மாணவர்களை மலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் அழைத்துச் சென்று கல்லோடு பேசக் கற்றுக்கொடுத்தார். பீகாரைச் சார்ந்திருந்த ராஜ்மகால் மலையில் கிடைத்த ஒரு புதைபடிவத் தாவரத்தின் முழு உருவத்தை அமைத்துக் காட்டி, அதற்குத் தம் ஆசிரியரான சீவார்டின் பெயரையே சூட்டினார். 1936ஆம் ஆண்டு லண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1940ஆம் ஆண்டு ஜனவரியில் நம் சென்னையில் கூடிய இந்திய விஞ்ஞான காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். ரோத்தக்கில் கிடைத்த களிமண் அச்சுகளைக் கொண்டு பண்டைக் காலத்தில் நாணயம் வார்த்த முறையையும் ஆராய்ந்து நூல் எழுதினார்.

பனிக் கடலைக் காட்டிய பாறைகள்

பாறையைப் பார்த்துப் பழைய துருவக் கடலை எப்படி அறிவது என்று சிலர் கேட்கலாம். உப்பு மலைத்தொடரையே உதாரணமாகப் பார்ப்போம்.

அங்கே ஓர் அடுக்கில் பெரிய கற்களும் சிறிய கற்களும் களிமண்ணும் கலந்து கிடக்கின்றன. ஆறு கொண்டுவந்திருந்தால் கல் வேறு மணல் வேறாகப் பிரித்துப் போட்டிருக்கும். நம் சுவேத நதி மணலைப் பார்த்தாலே அது தெரியும். எல்லாவற்றையும் கலந்து கொட்டுவது பனியாற்றின் இயல்பு. அந்தக் கற்களின் முகங்கள் தேய்ந்தும், கீறல் விழுந்தும் இருக்கின்றன. பனிக்கட்டியில் சிக்கி அடிப்பாறையில் உரசிக்கொண்டே வந்ததன் அடையாளம் அது. அதற்கு மேலுள்ள அடுக்கில் யூரிடெஸ்மா என்னும் தடித்த ஓடுள்ள சிப்பிகள் கிடைக்கின்றன. இவை குளிர்ந்த கடலில் வாழ்ந்தவை. ஆகவே முதலில் பனி இருந்தது, பனி உருகியபோது கடல் உயர்ந்து உள்ளே வந்தது என்று படித்தறியலாம். சுமார் 29 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த கதை இது. சத்தீஸ்கர் மாநிலத்து மனேந்திரகரில் ஹஸ்தேவ் ஆற்றங்கரையிலும் அதே குளிர்கடல் சிப்பிகள் உள்ளன. இன்று அந்த இடம் கடலிலிருந்து பல நூறு மைல் தள்ளி இருக்கிறது!

பனியும் குளிர்கடலும் இருந்த இடத்தில் செடி கொடி உண்டா? இதற்கு விடை சொன்னவை நுண்ணிய புதைபடிவங்கள். ஒரு மகரந்தத் துகள் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவே இருக்கும். ஆனால் அதன் மேலுறை மிகவும் உறுதியானது. பாறையைப் பொடித்து அமிலத்தில் இட்டால் கல் கரைந்துவிடும், மகரந்தம் கரையாது. மிஞ்சிய வண்டலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்பெருக்கியில் பார்த்தால் ஒரு பழங்காட்டின் வருகைப் பதிவேடே கண்முன் விரியும்.

சாஹ்னியிடம் பயின்ற சின்னா விர்க்கி என்னும் பெண்மணி இதில் அருந்தொண்டு செய்தார். இருபுறமும் சிறகு போன்ற காற்றுப் பைகள் உள்ள மகரந்தம் இந்தியா, ஆஸ்திரேலியா ஆகிய இரு நாடுகளின் பழம்பாறைகளிலும் இருப்பதை 1937ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆஸ்திரேலியாவில் பனியாறு விட்டுச்சென்ற படிவிலும், இந்தியக் களிப்பாறையிலும் ஒத்த சிதல்கள் இருப்பதை 1939இல் காட்டினார். பனிக்கு அருகிலேயே தாவரங்கள் உயிர் வாழ்ந்தன என்பது தெளிவாயிற்று. பெண்கள் கல்லூரிக்குச் செல்வதே அரிதாக இருந்த அக்காலத்தில், ஒரு பெண் நுண்பெருக்கியின் முன் அமர்ந்து இரண்டு கண்டங்களை இணைத்துக் காட்டினார் என்பதைப் படித்தபோது எங்கள் உள்ளம் பூரித்தது.

உப்பு மலையின் வழக்கு

இப்போது அந்த வழக்கைச் சொல்கிறோம். உப்பு மலைத்தொடரில் உப்பு மிக அடியில் உள்ளது. அதன் மேலே கேம்பிரியன் காலப் பாறைகள் உள்ளன. அவை 50 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. கிணற்றுச் சுவரின் விதிப்படி உப்பு அதனினும் பழையதாக இருக்க வேண்டும்.

சாஹ்னி அந்த உப்பையும் அதைச் சார்ந்த களியையும் கரைத்து நுண்பெருக்கியில் பார்த்தார். மரத்துகள்கள், இலைத்தோல், பூச்சியின் உறுப்புகள் ஆகியவை தென்பட்டன! கேம்பிரியன் காலத்தில் பூமியில் மரமும் இல்லை, சிறகுள்ள பூச்சியும் இல்லை. ஆகவே உப்பு சுமார் 5 கோடி ஆண்டுப் பழமையே உடையது, மேலே உள்ள பழம்பாறைகள் பூமியின் அசைவால் பின்னர் அதன்மேல் தள்ளப்பட்டவை என்று அவர் முடிவு செய்தார். பாறை அடுக்குகளை நேரில் ஆராய்ந்த புவியியலார் பலர் இதை ஏற்கவில்லை. 1944ஆம் ஆண்டிலும் 1945ஆம் ஆண்டிலும் இதற்கென்றே அறிஞர் கூட்டங்கள் நடைபெற்றன. துகளை நம்புவதா, அடுக்கை நம்புவதா என்பதே கேள்வி. அவர் வாழ்நாளில் தீர்ப்புக் கிடைக்கவில்லை.

பிற்கால ஆய்வுகள் அடுக்கின் பக்கமே தீர்ப்புச் சொல்லின. அந்த உப்பு 50 கோடி ஆண்டுகளினும் பழையது என்பதே இன்று ஏற்கப்பட்ட கருத்து. உப்பு நீரில் கரைந்து மீண்டும் உறையும் இயல்புடையது. வெடிப்புகளின் வழியே இறங்கிய நீர் பிற்காலத் தூசியை உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்க வல்லது. அதாவது, மல்லித்தூளில் மிளகாய் கலந்த கதைதான்.

அந்நியத் துகள்களை நம்பாதீர் என்று 1915இல் எச்சரித்தவரே, முப்பது ஆண்டு கழித்து அந்நியத் துகள்களால் வழி தவறினார். இதை முதலில் அறிந்தபோது எங்களுக்கு மனம் சங்கடப்பட்டது. இந்தப் பகுதியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று கூட எண்ணினோம். புகழ்பெற்றவர் வாழ்க்கை என்றால் புகழையே எழுதுவதுதானே வழக்கம்? பின்பு யோசித்துப் பார்த்தோம். அவர் தம் சான்றுகளை ஒளிக்கவில்லை. எல்லோரும் பார்க்கும்படி வைத்து, எதிர்ப்பவர்களையும் கூட்டத்துக்கு அழைத்துப் பேச விட்டார். அதனால்தான் பின்வந்தவர்கள் தவற்றைத் திருத்த முடிந்தது. தேர்வில் தவறு செய்து விடைத்தாளை ஒளித்து வைக்கும் எங்களுக்கு இது நல்ல பாடம்.

நிறுவனமும் மறைவும்

புதைபடிவத் தாவரங்களை ஆராய்வதற்கென்றே ஒரு நிறுவனம் அமைக்க வேண்டும் என்பது சாஹ்னியின் நெடுநாள் கனவு. 1946ஆம் ஆண்டு அது லக்னோவில் தொடங்கப்பட்டது. தம் நூல்களையும், திரட்டிய புதைபடிவங்களையும், சொத்தையும் அதற்கே அளித்தார். 1949ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் பிரதமர் நேரு கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டினார். அந்த அடிக்கல் பல நாட்டுப் புதைபடிவங்களைப் பதித்து சாஹ்னியே வடிவமைத்தது. ஒரு வாரம் கூட முழுதாக மகிழ அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஏப்ரல் 10ஆம் நாள் மாரடைப்பால் காலமானார். அவர் சமாதி அந்த வளாகத்திலேயே இருக்கிறது.

சாவித்திரி அம்மையார் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கணவர் விட்ட பணியைத் தம் தோளில் ஏற்றார். நிறுவனத்தின் தலைவியாக இருந்து, நிதி திரட்டி, கட்டடத்தை எழுப்பினார். 1953ஆம் ஆண்டு ஜனவரியில் நேருவே வந்து அதைத் திறந்து வைத்தார். 1969ஆம் ஆண்டில் அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. பீர்பல் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனம் என்ற பெயருடன் அது இன்றும் நடந்து வருகிறது.

அவர் வழியில் இன்று

பாரத நாட்டு விஞ்ஞானிகள் 1981ஆம் ஆண்டு முதல் அண்டார்க்டிகாவுக்குப் போய் வருகிறார்கள். மைத்ரி, பாரதி என்னும் நம் நிலையங்கள் அங்கே உள்ளன. துருவக் கடலின் அடிமண்ணைக் குழாய் போல் எடுத்து, அதிலுள்ள டயாட்டம் என்னும் கண்ணாடி ஓட்டுப் பாசிகளையும், ஃபோராமினிஃபெரா என்னும் நுண்ணுயிர்களின் ஓடுகளையும் எண்ணுகிறார்கள். கடற்பனியை ஒட்டி வாழும் பாசிகள் மிகுந்திருந்தால் அக்காலத்தில் பனி பரவியிருந்தது என்றும், குறைந்திருந்தால் பனி விலகியிருந்தது என்றும் கணிக்கலாம். 2010ஆம் ஆண்டில் பன்னாட்டுக் கப்பல் ஒன்று கிழக்கு அண்டார்க்டிகாவின் கரையை ஒட்டித் துளையிட்டு எடுத்த மண்ணில், சுமார் 5 கோடியே 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்திய பனை இன மகரந்தம் இருந்தது. நம் ஏரிக்கரைப் பனையின் உறவுக்காரர் பனிக்கண்டத்தில்! ஆனால் அதை அறிவிக்கும் முன், அம்மகரந்தம் அந்த அடுக்குக்கே உரியதா, வேறு பாறையிலிருந்து அரித்து வந்ததா என்று சோதித்தாக வேண்டும். சாஹ்னியின் முதல் கட்டுரை சொன்ன எச்சரிக்கை இன்றும் பழசாகவில்லை.

முடிவுரை

நம் கெங்கவல்லிப் பாறைகளில் புதைபடிவம் கிடைக்காது. அவை பூமியின் ஆழத்தில் வெந்து உருவானவை. ஆனால் பெரம்பலூர் பக்கம் சென்றால் போதும். பண்டைக் கடலின் படிவுகள் அங்கே தொடங்கிவிடுகின்றன. சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீளமான கல்மரம் ஒன்று கிடக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் புதைந்து கல்லான மரம் அது. சாஹ்னி சென்னைக்கு வந்த அதே 1940ஆம் ஆண்டில் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்கு அறிவித்தார். எங்கள் வகுப்பினர் சென்ற ஆண்டு அதைப் பார்க்கச் சென்றபோது, மரம் என்று எண்ணித் தட்டிப் பார்த்தோம். கல்லின் ஓசை கேட்டது. அருகே ஓடையில் சிப்பி பதிந்த கல் ஒன்றை எடுத்த தோழி, இது இங்கேயே இருந்ததா, வெள்ளத்தில் வந்ததா என்று கேட்டாள். ஆசிரியை அவளைத் தட்டிக்கொடுத்து, இதுவே சரியான கேள்வி என்று மகிழ்ந்தார்.

தோழியரே, சாஹ்னியின் வாழ்க்கை நமக்குக் கற்பிப்பதும் அந்தக் கேள்வியைத்தான். காதில் விழும் ஒவ்வொரு செய்தியையும் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்ப்போம். நாம் நம்பியதை நாலு பேர் முன் துணிந்து வைப்போம். தவறு என்று தெரிந்தால் திருத்திக்கொள்வோம். அடுத்த முறை கிணற்றங்கரையில் நிற்கும்போது, நம் காலடியில் விரிந்திருக்கும் அந்தப் பெரிய புத்தகத்தை ஒரு கணமேனும் எட்டிப் பார்ப்போமாக!